பாத்திரக் கடை மாடியில் ஒரு வினைச்சொல்

விருப்ப ஓய்வு பெறும் முறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தகுதியான இருபது ஆண்டுப் பணி, மூன்று மாத முன்னறிவிப்பு, நிலுவை ஏதும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கையெழுத்து, கடைசியில் மேஜைச் சாவியை ஒப்படைத்ததற்கு ஒரு ரசீது. எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் முடித்து, நாற்பத்தைந்து வயதில், தலையில் பாதி நரையும் முழங்காலில் முழு வலியுமாக வெளியே வந்தேன். வழியனுப்பு விழாவில் மாலை போட்டவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "இனிமே நல்லா ரிலாக்ஸ் பண்ணுங்க மேடம்."

அதற்கான முறை எந்த விதித்தொகுப்பிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நம் வயதுக்காரர்களைக் கண்டதும் மற்றவர்கள் வாயில் வரும் முதல் அறிவுரை அது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்களோ தெரியாது. நான் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, போவதற்கு இடமில்லாமல், மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடி மடிக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு மாடி நினைவுக்கு வருகிறது. தி. நகரில் பாத்திரக் கடை ஒன்றின் மேலே இருந்த மாடி. அந்த வார்த்தையை நானும் அம்மாவும் சேர்ந்து கற்றுக்கொண்டது அங்கேதான்.

தொண்ணூறுகளின் முற்பாதி. எங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்த புதிது. மேற்கு மாம்பலத்தில், ரயில் போனால் சமையலறைத் தட்டுகள் நடுங்கும் தூரத்தில் ஒரு வாடகை வீடு. அப்பா தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடு இருந்தார். வங்கித் தேர்வுக்குப் படிப்பதையே ஓர் உத்தியோகம்போல் செய்துவந்தார். நான் இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாம் வகுப்புக்குப் போக இருந்தேன். அம்மா வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தாள் என்றுதான் எல்லாப் படிவங்களிலும் நாங்கள் எழுதினோம்.

அதுவரை எங்கள் வீட்டில் புழங்கிய சொல் 'ரெஸ்ட்'. அது எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருள். அப்பா ஆபீஸிலிருந்து வந்து எடுத்துக்கொள்வார். சித்தப்பா படித்த களைப்புக்கு எடுத்துக்கொள்வார். படிக்கப்போகும் களைப்புக்கும் எடுத்துக்கொள்வார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அது வழங்கப்பட்டது, அதுவும் இட்லி அரிசி ஊறும் வரைக்கும். மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டில் யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். "அண்ணி, காபி." "அம்மா, என் ரிப்பனு." "ஏம்மா, கேக்குதா?" அவள் பதிலுக்கு "வரேன், வரேன்" என்றபடி வந்துகொண்டே இருப்பாள். எங்கிருந்து வருகிறாள் என்று பார்த்ததில்லை.

கோடை விடுமுறை தொடங்கிய அன்று அப்பா ஒரு திட்டத்தோடு வந்தார். அவருடைய ஆபீஸ் நண்பரின் மனைவி அடையாறில் ஒரு மழலையர் பள்ளி ஆரம்பிக்கிறார். இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் அம்மாவை உதவி டீச்சராக எடுத்துக்கொள்வார். தி. நகரில் பேச்சு இங்கிலீஷ் வகுப்பு இருக்கிறது. நாற்பது நாள். கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு, தேறினால் சான்றிதழ், சான்றிதழைக் காட்டினால் வேலை.

"எனக்கு எதுக்குங்க இங்கிலீஷு?" என்றாள் அம்மா.

"வேலைக்குத்தான். ரெண்டு சம்பளம் வந்தா நாமளும் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டலாம்ல? லேடீஸ் பேட்ச்தான். மூணு மணிலேர்ந்து நாலு மணி."

"தினமுமா?"

"தினமும்தான்."

"ஒரு மணி நேரமா?"

"முழுசா ஒரு மணி நேரம். பயப்படாத, இவளையும் கூட்டிட்டுப் போ. வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்லிக் கொடுப்பா."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை லீவு."

"ஓ," என்றாள். பயந்துவிட்டாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இரண்டரை மணி வெயிலில் ரயில்வே மேம்பாலத்தின் இரும்புப் படிகள் செருப்பையும் மீறிச் சுடும். பாலத்தை இறங்கினால் ரங்கநாதன் தெரு. பிளாஸ்டிக் வாளியின் வாசனையும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் பஜ்ஜி எண்ணெயும் கலந்து முகத்தில் அடிக்கும். வழக்கமாக அம்மா அங்கே ஒவ்வொரு கடையாகப் பராக்குப் பார்ப்பவள். வகுப்புக்குப் போகும்போது மட்டும், கையிலிருந்த பச்சை வயர் கூடை முழங்காலில் இடிக்க இடிக்க, என்னை இழுத்துக்கொண்டு ஓடுவாள். நான் மூச்சு வாங்கினால், "நேரமாகுதுடி, ஒரு நிமிஷம் போனாலும் போனதுதான்" என்பாள்.

பாத்திரக் கடை வாசலில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, விற்ற பாத்திரங்களில் மின்சார ஊசியால் பெயர் வெட்டிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் ஒடுக்கமான படி. மேலே பன்னிரண்டு பெஞ்சுகள், இரண்டு மின்விசிறிகள், ஒரு கரும்பலகை, சுவரில் நீலப் பெயிண்டால் எழுதிய விதிகள். காலணிகளை வெளியே விடவும். வகுப்பில் தமிழ் பேசுவதைக் குறைக்கவும். தேறாதவர்கள் அடுத்த வகுப்பில் கட்டணமின்றி மீண்டும் அமரலாம். நான் பின்னாளில் படித்து, விளக்கி, மேலிடத்துக்குக் குறிப்பு எழுதிய விதிகளுக்குக் கணக்கே இல்லை. என் வாழ்க்கையில் முதலில் படித்தவை அவைதான்.

அம்மா ஜன்னலோரப் பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்வாள். உட்கார்ந்ததும் கூடையைக் கீழே வைப்பாள். பிறகு மெல்ல, யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டவள்போல, முதுகைச் சுவரில் சாய்ப்பாள். அவள் முதுகு ஒரு சுவரில் சாய்ந்திருந்ததை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். கீழே ஊசி 'ர்ர்ர்' என்று யாருடைய பெயரையோ வெட்டும். சார் இறந்தகாலம், நிகழ்காலம் என்று ராகம் போடுவார். அம்மாவின் கண்கள் பாதி மூடியிருக்கும். கவனிக்கவில்லையே என்று நான் முழங்கையால் இடிப்பேன். "கேட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன்," என்பாள்.

அவளுக்குப் பக்கத்தில் பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். கம்பெனி ரிசப்ஷனில் உட்கார வேண்டும் என்பது அக்காவின் கனவு. வகுப்பில் தமிழைக் குறைக்கும் விதியை அதிகம் மீறியதும் அக்காதான்.

ஒரு நாள் சார் கரும்பலகையில் அந்த வார்த்தையை எழுதினார்.

"ரிலாக்ஸ். வினைச்சொல். இறுக்கிக் கட்டின கயித்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுறோமில்ல, அந்த மாதிரி மனுஷன் தன்னைத் தளர்த்திக்கிறது. ஐ ரிலாக்ஸ். ஷீ ரிலாக்ஸஸ். பதட்டமா இருக்கிறவங்களைப் பாத்து வெறுமனே 'ரிலாக்ஸ்'னும் சொல்லலாம்."

அம்மா கையைத் தூக்கினாள். அந்த வகுப்பில் அவளாகக் கேட்ட ஒரே சந்தேகம் அது. "உடம்பு சரியில்லாதப்பதான சார்?"

"இல்லம்மா. உடம்புக்கு ஒண்ணும் வர வேண்டாம். சும்மாவே பண்ணலாம்."

"சும்மாவேவா?"

"சும்மாவே."

"எங்கூட்ல கடலுக்குப் போவாத நாளெல்லாம் நைனா அதான் சார் பண்ணிக்கினு கீது," என்றது அக்கா.

"அதை இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்."

அக்கா எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டது. "மை ஃபாதர் இஸ் ரிலாக்ஸிங். மை மதர் இஸ் ஷவுட்டிங்."

வகுப்பே சிரித்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகமில்லை. வீட்டில் யாராவது சிரித்தால் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு புன்னகை செய்வாள், அவ்வளவுதான்.

வீட்டில் உள்ளவர்கள் எப்படி ரிலாக்ஸ் செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு வாக்கியம் அமைத்து வரச் சொன்னார் சார். அன்றிரவு அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள். "மை ஹஸ்பெண்ட் ரிலாக்ஸஸ் இன் த ஈஸி சேர். மை டாட்டர் ரிலாக்ஸஸ் இன் ஃப்ரண்ட் ஆஃப் த டி.வி. மை பிரதர்-இன்-லா ரிலாக்ஸஸ்..." நிறுத்தினாள். "எங்கன்னுடி போடறது? எல்லா எடத்துலயும்னு போட்டா தப்பா?"

"அண்ணி!" என்றார் சித்தப்பா, ஈஸி சேரிலிருந்து.

"உன்னைப் பத்தி ஒண்ணு சொல்லும்மா," என்றேன் நான்.

"அது நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஆனால் வாய்மொழித் தேர்வில் சார் எல்லோரிடமும் கேட்பது அதைத்தான்: வாட் டூ யூ டூ டு ரிலாக்ஸ்? முந்தைய பேட்ச் பெண்களிடம் விசாரித்து அக்கா கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. வேலை அந்த ஒரு பதிலில் நின்றது. சித்தப்பா அதற்கு ஒரு விடை தயாரித்தார். "ஐ ரிலாக்ஸ் பை ரீடிங் நாவல்ஸ் அண்ட் லிசனிங் டு மெலடி சாங்ஸ்."

"நான் எப்பப்பா நாவல் படிச்சேன்?"

"இன்டர்வியூவுக்கு இதான் அண்ணி பதில். ஊரே இதைத்தான் சொல்லுது. யாரும் வீட்டுக்கு வந்து செக் பண்ண மாட்டான்."

நான்தான் பரீட்சை அதிகாரி. முக்காலியில் உட்கார்ந்து சார்போல் தொண்டையைச் செருமிக் கேட்பேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி ஒரு பிசிறில்லாமல் சொல்வாள். காய் வாங்கும்போது, கோலம் போடும்போது, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது எப்போது கேட்டாலும் சொல்வாள். அவள் தேறிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தேர்வு நாளன்று நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா போய், மை மதர் இஸ் ஷவுட்டிங்கையும் சேர்த்துச் சொல்லித் தேறியது. அடுத்து அம்மா.

"வாட் டூ யூ டூ டு ரிலாக்ஸ்?" என்றார் சார்.

அம்மா அவர் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். நான் உதட்டை மட்டும் அசைத்து 'ஐ ரிலாக்ஸ் பை' என்றேன். கீழே ஊசி ஓடி நின்றது.

"ஐ டோண்ட் நோ, சார்."

"பயப்படாதீங்கம்மா. ரிலாக்ஸ், ரிலாக்ஸ். யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மா யோசித்தாள். தலையை ஆட்டினாள். "தெரியல சார்."

எனக்கு முன்னால் இருந்த அக்கா பக்கத்துப் பெண்ணின் காதில் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது. "இந்தக்காவைப் பாரேன்! ஃபெயிலாவுறதுக்கு இன்னா பாடு படுது!"

என் அம்மாவைக் கிண்டல் செய்கிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றோடு அந்த அக்காவுடன் பேச்சை நிறுத்தினேன்.

படியிறங்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டேன். "உனக்குத் தெரியுமேம்மா! காலையிலகூட சொன்னியே!"

"மறந்துபோச்சுடி." அம்மா என் மூக்கைத் துடைத்தாள். பாண்டி பஜார்ப் பக்கம் திரும்பி, ஒரு கரும்புச்சாறு வண்டி முன்னால் நின்றாள். இஞ்சி போட்டு, ஐஸ் போட்டு, ஆளுக்கு ஒன்று. அவளுக்கு மேலுதட்டில் நுரை மீசை. அதைத் துடைக்காமல், போகிற வருகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மிச்சமில்லாமல் குடித்தாள். பரீட்சையில் தவறிய ஒருத்தி, கூடையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு மேம்பாலம் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது நாளா ஒத்தை வரி! மண்டைக்குள்ள என்னதான் இருக்கு?"

"திரும்ப உக்காரலாமாம்," என்றாள் அம்மா, அடுப்பிடம் சொல்வதுபோல. "காசு கேக்க மாட்டாங்களாம்."

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

அந்த வருஷம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வகுப்பிலிருந்து திரும்பும் அம்மாவிடம் வேறு ஒரு வாசனை இருக்கும்; சாக்பீஸ் தூளும், வழியில் வாங்கிய மரிக்கொழுந்தும். தேறிப்போன அக்காவின் வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லித் தனியாகச் சிரிப்பாள். பாத்திரம் தேய்க்கும்போது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பாள். மழைக்காலத்தில் ரங்கநாதன் தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்ற நாளிலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்வந்தாள். சித்தப்பாவே, "அண்ணிக்குப் படிப்புல என்ன வெறி!" என்று வியந்தார். இரண்டாவது தேர்வில் 'நாவல்ஸ்' வரை வந்து நின்றுவிட்டாளாம். சார் வருத்தப்பட்டாராம். மீண்டும் அமர்ந்தாள்.

மூன்றாவது தேர்வு தீபாவளிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. இந்த முறை அப்பாவும் பர்மிஷன் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் சீப்பு, முகத்தில் பவுடர். நாங்கள் இருவரும் கடைசிப் பெஞ்சில்.

சார் முதல் ஆளாக அம்மாவின் பெயரைச் சொன்னார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் இருந்தது.

"இவங்களுக்கு டெஸ்ட் கிடையாது. மூணு பேட்சா ஒரு நாள்கூட லீவு போடாம வந்திருக்காங்க. மழையில நான் வராத அன்னிக்குக்கூட இவங்க வந்து உக்காந்துட்டுப் போயிருக்காங்க. பயத்துல பதில் வரல, அவ்வளவுதான். இந்த ஈடுபாட்டுக்கே நான் பாஸ் போடறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா எழவில்லை. அப்பா என் தோளை அழுத்தினார். அதன்பிறகு அம்மா எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், ப்ளீஸ் ஆஸ்க் மீ த கொஸ்டின்," என்றாள்.

சார் திகைத்து, பிறகு சிரித்தார். "பாத்தீங்களா!"

"ஐ வாண்ட் டு டேக் த டெஸ்ட், சார். இட் இஸ் நாட் ஃபேர் டு த அதர்ஸ்." அவள் குரல் நடுங்கியது, இங்கிலீஷ் நடுங்கவில்லை. அவ்வளவு நேரான இரண்டு வாக்கியங்களை அவள் அதற்கு முன்பும் பேசியதில்லை, அதற்குப் பின்பும் பேசி நான் கேட்டதில்லை.

"எக்ஸலண்ட்! இதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும்?" சார் சான்றிதழை அவள் கையில் வைத்தார். முதல் முறையாக அவளை மேடம் என்று கூப்பிட்டார். "ரிலாக்ஸ் மேடம். ரிலாக்ஸ். எல்லாம் முடிஞ்சுது."

அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

கீழே இறங்கியதும் அப்பா ஓர் இரண்டடுக்கு டிபன் பாக்ஸ் வாங்கினார். பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து மூடியில் அம்மாவின் பெயரை வெட்டச் சொன்னார். எங்கள் வீட்டுப் பாத்திரங்களிலெல்லாம் அப்பாவின் பெயரோ தாத்தாவின் பெயரோதான் இருக்கும். அம்மாவின் பெயர் ஏறிய முதல் பாத்திரம் அது. ஊசி 'ர்ர்ர்' என்று ஓட, புள்ளி புள்ளியாக அவள் பெயர் எழுந்தது. அம்மா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா உற்சாகத்தில் கரும்புச்சாறு வாங்கித் தந்தார். "வேணாங்க, சளி பிடிக்கும்," என்றாள் அம்மா.

அடுத்த வாரத்திலிருந்து அடையாறு. விடிவதற்கு வெகுமுன்னே எழுந்து எங்கள் மூவருக்கும் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, இரண்டு பஸ் மாறித் திரும்பி, மறுபடி சமைத்தாள். கூப்பிடுவதற்கு இப்போது கூடுதலாக ஒரு வகுப்பறை. ஃபிளாட் வாங்கினோம். சித்தப்பா வங்கியில் சேர்ந்தார். அம்மா தலை நரைக்கும்வரை அங்கே வேலை பார்த்தாள். டிபன் பாக்ஸ் எப்போதோ பஸ்ஸில் தொலைந்தது. அன்று அவள் வேறு மூடியைப் போட்டு எடுத்துப்போயிருந்ததால், பெயர் வெட்டிய மூடி மட்டும் வீட்டில் தங்கியது. அம்மாவும் போய்விட்ட பிறகு அது என்னிடம் வந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் துறையில் ஒரு பதவி உயர்வுத் தேர்வு எழுதினேன். தேறினால் கண்டிப்பாக வெளியூர் மாற்றல்; தேறாதவர்கள் அதே இருக்கையில் தொடரலாம், அடுத்த முறை எழுதலாம். விதி எனக்கு மனப்பாடம். மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருந்தும் விடைத்தாளைப் பாதியில் மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எதிரில் கரும்புச்சாறு வண்டி. இஞ்சி போட்டு, ஐஸ் போட்டு. பாதி தம்ளர் குடித்தபின் மேலுதட்டில் நுரை இருப்பது தெரிந்தது. கையைத் தூக்கித் துடைக்கப் போய், அப்படியே நின்றுவிட்டேன். அந்த நீலப் பெயிண்ட் சுவரை அன்றுதான் நான் சரியாகப் படித்தேன்.

சார்மீது எனக்குக் கோபம் இல்லை. கருணை அடிப்படையில் செய்யப்பட்டது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அப்பாவும் அவர் அறிந்த மரியாதையைத்தான் செய்தார். ஒருத்தி தினம் ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்திருக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்க, எங்கள் வீட்டில் வழிமுறை எதுவும் இல்லை. அவள் இருந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டாள். கையில் ஒரு விதி கிடைத்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், செய்தேன்.

போன வாரம், துணிகளை இரண்டாம் முறை மடித்து முடித்தபின், தி. நகருக்குப் போனேன். பாத்திரக் கடை இருந்த இடத்தில் ஐந்து மாடித் துணிக்கடை. முதல் மாடியில், புடவை எடுக்கும் பெண்களுக்காகக் காத்திருக்கும் கணவன்மார் தூங்குவதற்கென்று சுவரோரமாக மெத்தை இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இருந்த மூலையைக் கணக்குப் போட்டு, அங்கே உட்கார்ந்து, முதுகைச் சாய்த்தேன். மணி மூன்றரை இருக்கும். ஊசிச் சத்தம் இல்லை, குளிர்சாதனத்தின் சத்தம்தான்.

சிறிது நேரம் கழித்து ஒரு விற்பனைப் பெண் வந்தாள். "யாருக்காவது வெயிட் பண்றீங்களா மேடம்?"

"ஆமாம்மா. அம்மாவுக்காக."

"எந்த செக்‌ஷன்ல இருக்காங்க? மைக்ல பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லட்டா?"

"வேணாம்மா," என்றேன். "கூப்பிடாதீங்க. நாலு மணிக்கு அவங்களே வருவாங்க."